ஞாயிறு நீண்ட ஓட்டம்: இன்சுலின் போடுபவர்களுக்கு விடிகாலையா, மாலையா?

ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பை மாரத்தான். அதற்குத் தயாராகிறவர்கள் ஜூலை மழையில் தொடங்கி, அக்டோபர் வெக்கையில் 15, 18 கிலோமீட்டர் என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். வாரத்துக்கு ஒருமுறை வரும் அந்த நீண்ட ஓட்டத்தை விடிகாலையில் ஓடுவதா, மாலையில் ஓடுவதா என்பது மற்றவர்களுக்கு வசதியைப் பொறுத்த விஷயம். இன்சுலின் போடுகிறவருக்கு அது மருந்துக் கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேளாவேளைக்கு இன்சுலின் போடுபவர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தை விடிகாலையில், அன்றைய முதல் ஊசிக்கு முன்னால் ஓடுவதே நல்லது. வாரநாட்களின் அரைமணி, முக்கால்மணி ஓட்டத்தை மாலையில் வைத்துக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிற டைப் 2 காரர்கள் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். அவர்களுக்கு எந்த நேரமும் சரிதான். இடையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் காலையும் இரவும் மிக்ஸ் இன்சுலின் (வேகமானதும் மெதுவானதும் ஒன்றாகக் கலந்தது) போடுகிறவர்களுக்கு, விஷயம் கொஞ்சம் சிக்கலானது.

உடம்பில் எவ்வளவு மருந்து மிச்சம்?

சர்க்கரை நோய் இல்லாதவர் ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை அவிழ்த்துவிடும். ஊசி போட்டவருக்கு இந்த வசதி கிடையாது. உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு பக்கம் கால் தசைகள் குளுக்கோஸை உறிஞ்சுகின்றன. இன்னொரு பக்கம் ரத்தத்தில் நிற்கும் இன்சுலின் கல்லீரலின் கையைக் கட்டிப்போடுகிறது. ஓடும்போது சுகர் லோ ஆவது பெரும்பாலும் இதனால்தான். "சரியாகச் சாப்பிடவில்லை" என்று வீட்டில் திட்டு விழும். உண்மையில் பல நேரம் குற்றவாளி இரண்டு மணி நேரத்துக்கு முன் போட்ட ஊசி.

ஆகவே ஓட்ட நேரத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், கடைசி ஊசியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். வேகமாக வேலை செய்யும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் வகைகள் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நான்கைந்து மணியில் அடங்கும். பழைய ரெகுலர் இன்சுலினுக்கு உச்சம் இரண்டு முதல் நான்கு மணி, வால் ஆறு முதல் எட்டு மணி. மும்பையின் புழுக்கம் இதில் இன்னொரு கை வைக்கும். தோல் சூடாகி ரத்த ஓட்டம் கூடினால் ஊசி மருந்து வேகமாக ஏறும். தொடையில் போட்டுவிட்டு உடனே ஓடினால் இன்னும் வேகம். ஓட்டம் இருக்கிற நாளில் வயிற்றில் போடுங்கள்.

விடிகாலை

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஊசி போட்டவருக்கு ஞாயிறு ஐந்து மணிக்கு வேக இன்சுலின் சுத்தமாக வடிந்திருக்கும். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். கூடவே அந்த நேரத்தில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் உடம்பில் தூக்கலாக இருப்பதால் சுகர் இறங்க அவசரப்படாது. அரைமணி மெதுஓட்டத்தில் இறங்காமல் அப்படியே நிற்பதும் உண்டு. வேக ஓட்டம், ஏற்ற ஓட்டம் என்றால் ஏறவும் செய்யும்.

60 கிலோ எடை, இரவில் அடிப்படை இன்சுலினாக 20 யூனிட் கிளார்ஜின், வேளைக்கு ஒரு வேக ஊசி, ஞாயிறன்று 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முந்தின இரவு கிளார்ஜினை 20 சதவீதம் வரை குறைக்கலாம். அதாவது 16 யூனிட். (எந்தக் குறைப்பையும் முதல்முறை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.) டெக்லுடெக் என்ற அடிப்படை இன்சுலின் போடுகிறவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம். அதன் வேலை 42 மணி நேரத்துக்கு நீள்வதால் ஒருநாள் குறைப்பு ஞாயிறுக்குப் பயன்படாது, திங்கட்கிழமையைத்தான் குழப்பும். அவர்கள் சாப்பாட்டைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும்.

நாலரைக்கு எழுந்ததும் ஒரு சோதனை. சுகர் அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்.

90-க்குக் கீழ் என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 90 தாண்டும்வரை ஷூவைத் தொட வேண்டாம். 90 முதல் 125 வரை 10 கிராம் போதும். 126 முதல் 180 நல்ல அளவு, கிளம்பலாம். 180 முதல் 270 வரையிலும் ஓடலாம், முதல் முக்கால் மணிக்கு எதுவும் சாப்பிடத் தேவையிருக்காது. 270-க்கு மேல் என்றால் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓட்டம் ரத்து. 0.6-ஐத் தொட்டாலே முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது. உடம்பில் இன்சுலின் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். ஓடினால் சுகர் இறங்காது, மேலும் ஏறும்.

இங்கே பலரும் செய்யும் தவறு: 240 என்று பார்த்ததும், ஏறிய சுகரை இறக்க வழக்கமாகப் போடும் திருத்த ஊசியை முழுசாகப் போட்டுவிட்டு ஓடுவது. ஆறாவது கிலோமீட்டரில் அந்த ஊசி உச்சத்தில் இருக்கும். விடிகாலை ஓட்டத்தின் ஒரே பெரிய லாபத்தை அப்படிக் கையாலேயே கொட்டிவிடுகிறோம். போட்டே ஆகவேண்டும் என்றால் பாதிக்கு மேல் வேண்டாம்.

கிளம்புமுன் ஃபில்டர் காபி குடிப்பவர்கள் அதையும் கணக்கில் எழுதுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் பால் என்றால் சுமார் 15 கிராம். கெடுதலில்லை, ஊசியில்லாத 15 கிராம் ஓட்டத்துக்கு முன் பல நாள் தேவைதான். காபி வேறு, அதற்குமேல் வாழைப்பழம் வேறு என்று போனால்தான் முதல் அரைமணி 250-க்கு ஏறி நிற்கும்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை 15 கிராம் என்று தொடங்குங்கள்; பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றில், மருந்து குறைவாக ஓடுகிறவருக்கு இது போதும். சாப்பாட்டு ஊசி உடம்பில் இருக்கும்போது ஓடுகிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை முதல் ஒரு கிராம் வரை போகும். 60 கிலோக்காரருக்கு அது 30 முதல் 60. முதல் பார்வைக்கு ஒரே எண்தான். ஆனால் முன்னவர் அதைக் காலுக்குத் தெம்பாகச் சாப்பிடுகிறார், பின்னவர் விழாமல் இருக்கச் சாப்பிடுகிறார். வயிறு ஒரு கட்டத்துக்கு மேல் வாங்காது என்பதால் பின்னவருக்குத் தப்பிக்க இடம் குறைவு.

விடிகாலையின் குறைகளையும் சொல்ல வேண்டும். இரவில் தெரியாமல் ஒரு லோ வந்து போயிருந்தால், காலையில் எண் 140 என்று அழகாக இருக்கும். ஆனால் உடம்பின் எச்சரிக்கை மணி மழுங்கியிருக்கும். அடுத்த லோவில் நடுக்கமும் வியர்வையும் தாமதமாக வரும், அல்லது வராது. ஓடும்போது எப்படியும் வியர்க்கிறது, கை எப்படியும் நடுங்குகிறது, வித்தியாசம் தெரியாது. முந்தின 24 மணி நேரத்தில் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட அளவுக்கு லோ ஆகியிருந்தால் அன்று ஓட்டமே கிடையாது. சனிக்கிழமை இரவு பீர் சாப்பிட்டிருந்தாலும் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். மதுவை முறிக்கும் வேலையில் இருக்கிற கல்லீரல் குளுக்கோஸ் தராது.

டிசம்பர், ஜனவரியில் காற்றும் ஒரு பிரச்சினை. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்பதால் விடிகாலைப் புகைமூட்டம் மாலையைவிட மோசமாக இருக்கும் நாட்கள் உண்டு. அன்று ஆறரைக்கு மேல் கிளம்பலாம். ஊசி மட்டும் ஓட்டம் முடியும்வரை காத்திருக்கட்டும்.

மாலை

மாலை ஓட்டத்தை ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. உடம்பு சூடேறி இளகியிருக்கும், கடற்காற்று வீசும், தூக்கம் கெடாது. ஆறு நாள் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு போய்வருகிறவருக்கு ஞாயிறு நாலரை மணி அலாரம் கொடுமை என்பதும் உண்மை. வாரநாளில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி அரைமணி ஓடுவதற்கு மாலையே நல்ல நேரம்.

சிக்கல் மதியம் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவே இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாடு, ஊசி. நாலரைக்கு டீயும் வடாபாவும், அதற்கு ஒரு சின்ன ஊசி. ஆறேகாலுக்கு ஓட்டம். அந்தச் சின்ன ஊசி சரியாக உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கால் எடுத்து வைக்கிறோம். வடாபாவின் எண்ணெய் வயிற்றைத் தாமதப்படுத்துவதால் உணவு பின்னால் வரும், மருந்து முன்னால் வரும். இருபதாவது நிமிடத்தில் 70. ஓட்டம் முடிந்து வீடு வந்தபின் 260. இந்த ஏற்ற இறக்கத்தை "ஓட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி நிறுத்தினவர்கள் நிறைய.

திருத்தம் எளிது. மாலை ஓட்டம் இருந்தால் மதியச் சாப்பாட்டு ஊசிதான் ஓட்டத்துக்கு முந்தின கடைசி ஊசி. ஐந்தரைக்கு 15, 20 கிராம் அளவில் எண்ணெயில்லாத ஏதாவது: ஒரு சின்ன எலைச்சி வாழைப்பழம், அல்லது ஒரு இட்லி. ஊசி வேண்டாம். ஓட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஊசியைக் குறைக்க வேண்டும். நடுத்தர வேகத்தில் அரைமணி ஓட்டத்துக்குப் பாதியைக் குறைக்க வேண்டும், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முக்கால்வாசியைக் குறைக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இப்படிக் குறைத்து ஓடுவதற்குத் திடமான அளவு எதுவும் சொல்ல முடியாது என்பதே நீண்ட ஓட்டத்துக்கு மாலை சரிவராத முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இரவு. காலியான தசைகள் தங்கள் சேமிப்பை நிரப்பிக்கொள்ள ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். பிற்பகல் ஓட்டத்துக்குப் பிறகு ஏழு முதல் பதினொரு மணி நேரம் கழித்து இன்னொரு இறக்கம் வருகிறது. மாலை ஏழுக்கு முடித்தவருக்கு அது விடிகாலை இரண்டு முதல் ஆறு. ஆழ்ந்த தூக்கம், யாரும் பார்க்காத நேரம். ஒரு மணி நேர ஓட்டத்தில் சமாளிக்கலாம். இரண்டரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் அந்த இரவை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

மாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் இரவுக்கான முறை இது: இரவுச் சாப்பாட்டு ஊசி பாதி. கிளார்ஜின் 20 சதவீதம் குறைவு. படுக்கும்முன் உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் மாவுச்சத்து, ஊசியில்லாமல். 60 கிலோக்காரருக்கு 24 கிராம். ஒரு டம்ளர் பாலும் ஒரு எலைச்சி வாழைப்பழமும் ஏறக்குறைய அதற்கு வரும். மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு சோதனை. தோலில் ஒட்டி சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சார் உள்ளவர்கள் எச்சரிக்கை எல்லையை 70-இலிருந்து 80-க்கு ஏற்றி, போனைச் சைலன்ட்டில் போடாமல் படுங்கள்.

விடிகாலை ஓட்டத்துக்கும் பின்விளைவு உண்டு. இன்சுலின் உணர்திறன் ஒரு நாளுக்கு மேல்கூடக் கூடியிருக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி நாம் விழித்திருக்கும் நேரத்தில் நடக்கிறது. காலைச் சிற்றுண்டி ஊசியைக் கால் பங்கிலிருந்து பாதிவரை குறைத்து, மதியம் ஒருமுறை கூடுதலாகச் சோதித்தால் தீர்ந்தது. ஒரே ஒரு ஓட்டை, ஞாயிறு மதியத் தூக்கம். சாம்பார், அப்பளம், முழு ஊசி, மூன்று மணி நேரத் தூக்கம். தூங்கப் போகுமுன் சோதியுங்கள்.

மிக்ஸ் இன்சுலின், மாத்திரைகள்

30/70 மிக்ஸைக் காலையும் இரவும் போடுகிறவர்கள் நம்மிடையே அதிகம், ஆனால் ஓட்டக் குறிப்புகளில் இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த எழுபது பங்கு நடுத்தர வேக இன்சுலின் நான்கு முதல் பத்து மணி நேரம் வரை உச்சத்தில் அலையும். காலை எட்டு மணி ஊசியின் வால் மாலை ஓட்டத்துக்குள் நீள்கிறது. மாலை ஓடிவிட்டு இரவு மிக்ஸும் போட்டால், மேலே சொன்ன விடிகாலை இறக்கமும் அந்த ஊசியின் உச்சமும் ஒன்றாகச் சேர்கின்றன. அடிப்படையைத் தனியாகக் குறைக்கவும் வழியில்லை, இரண்டும் ஒரே பேனாவில் இருக்கின்றன. மிக்ஸ்காரர்களுக்கு நீண்ட ஓட்டம் காலை ஊசிக்கு முன்னால் மட்டும்தான். அதுவும் இரவு ஊசியின் மிச்சம் இருப்பதால் 126-க்குக் கீழே கிளம்ப வேண்டாம். அரை மாரத்தானுக்கு மேல் யோசித்தால், அடிப்படையும் வேளை ஊசியும் தனித்தனியாக இருக்கும் முறைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் முதல் பயிற்சி.

ஊசிக்குப் பதில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் உள்ளவர்கள் குறைவு. அவர்களுக்கு ஓட்டத்துக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே அடிப்படையை 50 முதல் 80 சதவீதம் குறைக்க முடியும் என்பதால் நேரம் அவ்வளவு பெரிய பொருட்டல்ல. ஓடும் நேரத்தில் குறைத்தால் பலன் ஓடி முடித்தபின்தான் வரும்.

மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவை கணையத்தைத் தூண்டுவதால் லோ ஆக்கும். விடிகாலை, மாத்திரைக்கு முன் என்பதே இவர்களுக்கும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியே சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுபவை. குறைவாகச் சாப்பிட்டு, வியர்த்து, மூன்று மணி நேரம் ஓடினால் சுகர் 160 என்று காட்டிக்கொண்டே கீட்டோன் ஏறக்கூடும். வாந்தி, மூச்சிரைப்பு, வயிற்றுவலி வந்தால் மீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன் எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சாப்பாட்டுக்குப் பின் மாலை மெதுஓட்டம் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைத் தணிக்கும். உங்களுக்கு ஒருவேளை மாலையே லாபம்.

இடுப்புப் பையில்

குளுக்கோஸ் பொடியைச் சமையலறைத் தராசில் 15 கிராமாக நிறுத்துச் சின்ன ஜிப் கவர்களில் போடுங்கள். மழைக்காலத்தில் இரட்டைக் கவர். ஒற்றைக் கவரில் நாலாவது கிலோமீட்டரிலேயே வியர்வை புகுந்து கல்லாகிவிடும். ஓடுவதற்கு எத்தனை தேவையோ அதற்கு மேல் இரண்டு. ஓ.ஆர்.எஸ். வைத்திருக்கிறேன், அது போதும் என்பவர்கள் கவனிக்க: உலகச் சுகாதார நிறுவனச் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 200 மில்லி குடித்தால் உள்ளே போவது 2.7 கிராம். உப்புக்கு அது நல்லது, லோவுக்கு அது மருந்தல்ல. கடலை மிட்டாயும் அப்படித்தான்; கொழுப்பு நடுவில் நிற்பதால் தாமதமாகும்.

லோ வந்தால் நிற்க வேண்டும், 15 கிராம், 15 நிமிடம், மறு சோதனை. அங்கேதான் இன்னொரு கண்ணி. பொடி ஒட்டிய விரலில் குத்தினால் மீட்டர் 280 காட்டும், உண்மையில் 65 இருக்கும். வியர்வை கலந்தால் எண் தப்பாகக் குறையும். ஒரு வாய்த் தண்ணீரில் விரலைக் கழுவி, துடைத்து, முதல் துளியை விட்டு இரண்டாவதை எடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் மும்பை ஈரம் ஒரே வாரத்தில் அதைக் கெடுக்கும்.

சென்சார் காட்டும் எண் ஓட்டத்தின்போது ரத்தத்துக்குப் பின்னால்தான் வரும்; வேகமாக இறங்கும்போது 10, 15 நிமிடமும் தாமதிக்கும். சென்சாரில் 95, அம்புக்குறி கீழ்நோக்கி என்றால் அதை 75 என்று படித்துக்கொண்டு சாப்பிடுங்கள். வியர்வையில் ஓரம் பெயராமல் இருக்க, முந்தின நாளே ஒட்டி, மேலே ஒரு சுற்று டேப் போடுங்கள்.

பாதையையும் இதே கணக்கில் தேர்ந்தெடுக்கலாம். மரைன் டிரைவ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 3.6 கிலோமீட்டர், போய்த் திரும்ப ஏழுக்கு மேல். சிவாஜி பார்க் மைதானத்தின் கட்டாவை (சுற்றுச்சுவரை) சுற்றினால் ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் சாமான் பை வைத்த இடத்துக்குத் திரும்பலாம். இருபது சுற்று சலிப்புதான். முதல் இரண்டு மாதம் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு, உடம்பின் போக்கு தெரிந்தபின் கடற்கரைக்குப் போகலாம். தனியாக ஓட வேண்டாம். கழுத்திலோ கையிலோ 'சர்க்கரை நோய், இன்சுலின்' என்று எழுதிய அட்டை இருக்கட்டும்.

பந்தய நாள் தரும் கூடுதல் வாக்கு

விடிகாலைக்கு இன்னொரு நியாயம் உண்டு. மும்பையில் முழு மாரத்தான் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்தும் அரை மாரத்தான் மாஹிமிலிருந்தும் இருட்டோடு கிளம்புகின்றன. ஆறு மாதம் மாலையில் ஓடிப் பழகியவரின் கணக்கு எதுவும் அன்று செல்லாது. காலையில் பழகியவருக்குக்கூட அன்று ஒரு வித்தியாசம் இருக்கும். பதற்றத்தில் அட்ரினலின் ஏறி, 150 இருக்க வேண்டிய இடத்தில் 230 காட்டும். திருத்த ஊசி போடாதீர்கள். ஓட ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் பெரும்பாலும் தானே இறங்கும். கூட்டத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், போனையும் குளுக்கோஸையும் சாமான் பையில் கொடுத்துவிடாதீர்கள். வழியில் மக்கள் நீட்டும் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் அன்பு. உங்கள் கணக்குக்குப் பையில் உள்ளதுதான். பெடர் ரோடு ஏற்றம் வரும்போது கால் ஏற்கெனவே காலியாகியிருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகையில் பொடியை வாயில் போட்டால் புரையேறும். அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே, சமதரையில், ஒரு கவரைப் பிரித்துவிடுங்கள்.